உன் அம்மாவை சினிமாவாக எடுத்த கதை

என் அருமை மகனே,

வானம் சாட்சி, பூமி சாட்சி, தாம்பரம் மேம்பாலத்துக்குக் கீழே வெயிலைத் தின்றுகொண்டு நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் சாட்சி. இனி நான் எழுதப்போவதை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்த ஒரு கேமராவை வைத்துக்கொண்டு கோடம்பாக்கத்தையே குப்புறத் தள்ளிய ஒரு மகா கலைஞனின் சரித்திரம் இது. அந்தக் கலைஞன் நான்தான் என்பதை மிகுந்த பணிவோடு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். நான் 'ஆக்‌ஷன்' என்று சொன்னதும் சூரியன் ஏரிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அப்படியே நின்றது. மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம், குறுக்கே வந்துவிட்டால் ஐயா கோபித்துக்கொள்வாரே என்று பயந்து, மகாபலிபுரம் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வரிசையாக வந்து பின்னணியில் நின்றன. அதில் ஒன்று கேமராவைப் பார்த்ததால் நான் முறைத்தேன், அது தலையைக் குனிந்துகொண்டது. இதெல்லாம் நடந்தது. சிரிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பெங்களூரிலிருந்து நீ போன் பண்ணினாய். சர்ச் முடிவாகிவிட்டது, மண்டபம் முடிவாகிவிட்டது, பிரியாணிக்காரர் தட்டுக்குத் தட்டு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் சொன்னாய். ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைக்கிறார்கள், பெண் வீட்டில் அவள் தவழ்ந்த காலத்திலிருந்து ஒரு படம் தயார் பண்ணிவிட்டார்கள், அதில் அவள் அப்பாவும் அம்மாவும் பேசி ஆசீர்வாதம் செய்கிறார்கள் என்றாய். அதற்கப்புறம் லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டாய்: "அப்பா, அம்மா குரல் எதுலயாவது இருக்காப்பா? ஒரு நிமிஷம் போதும்."

நான் ஒரு விநாடி யோசித்திருக்கலாம். யோசித்துப் பேசுகிற பழக்கம் நம் வம்சத்திலேயே கிடையாது. "ஒரு நிமிஷமா? ஒரு மாசம் ராத்திரி பகலா ஓட்டலாம்டா, அவ்ளோ கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். நீ 'தேங்க்ஸ்பா' என்று சொன்ன விதம் இருக்கிறதே, அது இன்னும் இந்த ஹாலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபேனைக் கூட்டி வைத்தாலும் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் நான் பொய் சொல்லிவிடுவேன். எழுத்திலும் சொல்வேன், ஆனால் எழுத்தில் நீ அதைத் திரும்பப் படித்துக் கண்டுபிடிக்கலாம்.

உன் அம்மாவுக்கு இருந்தது சாதாரணக் குரல் இல்லை என்பது உனக்குத் தெரியும். எஸ்தர் டீச்சர் ஆறாம் வகுப்பில் செய்யுள் நடத்தினால் அடுத்த பிளாக்கில் கணக்கு டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூட மணி ரிப்பேரான நாளில் அவளைத்தான் வராண்டாவில் நிற்க வைப்பார்கள். குரோம்பேட்டையில் அவள் 'உக்காரு' என்றால் பல்லாவரத்தில் நிற்கிறவன் உட்காருவான். அவளுக்கு வகுப்பில் ஒரே சட்டம்: "ஒரு தடவைதான் சொல்வேன்." எத்தனை கெஞ்சினாலும் இரண்டாம் தடவை கிடையாது. கவனிக்காதவன் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அவ்வளவு பெரிய குரலை யாராவது பதிவு செய்து வைப்பார்களா, சொல். கடற்கரையில் குடியிருக்கிறவன் உப்பைப் பொட்டலம் கட்டி வைப்பானா?

கேமரா வந்த கதைக்கு வருகிறேன். பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சின்ன டேப் போடுகிற டிஜிட்டல் கேமரா. கடைக்காரர் அதை யாரோ ஒரு வெள்ளைக்காரன் கண்ணீரோடு விற்றுவிட்டுப் போனதாகச் சொன்னார். நானும் கண்ணீரோடுதான் வாங்கினேன், அப்படி விலை. அதில் முதல் கிறிஸ்துமஸை எடுத்து டி.வி.யில் போட்டுக் காட்டியபோது உன் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, நான் எங்க நின்னாலும் பின்னாடி இருக்கிற பக்கெட்டுதான் அழகா இருக்கு" என்றாள். நான் திரும்பப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்த மாதிரி கேமராவுக்குப் பாரபட்சம் தெரியாது. முகமும் தெளிவு, முகத்துக்குப் பின்னால் இருக்கும் காலண்டரும் தெளிவு, காலண்டருக்குக் கீழே இருக்கும் சிவப்பு பக்கெட்டு இன்னும் தெளிவு. வெளிச்சமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. சினிமாவில் அப்படியா? அங்கே ஒரு முகம்தான் இருக்கும், மற்றதெல்லாம் கரைந்து நிற்கும். அன்றைக்குத்தான் அவளிடம் வாக்குக் கொடுத்தேன்: "எஸ்தர், ஒருநாள் உன்னை சினிமா மாதிரி எடுக்கறேன். பக்கெட்டு வந்து கை கட்டி நிக்கும் பாரு." அவள் சிரித்துக்கொண்டே பக்கெட்டில் துணி நனைக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் செய்த தவத்தை முனிவர்கள் செய்திருந்தால் உலகத்தில் மழை நின்றிருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் புதுசாகக் கேமரா வாங்கியிருக்கிறாய், உனக்கும் உதவும். தட்டில் வைத்துத் தருகிறேன், எடுத்துக்கொள். மத்தியானத்தில் எடுக்காதே, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும், உன் அம்மாவுக்கும் விழுந்தது. சாயங்காலம், வெயில் பழுத்து மஞ்சளாக இறங்கும்போது எடு. கேமரா தானாக முடிவெடுக்கிற எல்லா வசதியையும் அணைத்துவிடு, அதற்கு ரசனை கிடையாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வை. ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் அசைவு கொஞ்சம் கரைந்து, கண்ணுக்கு சினிமா மாதிரி படும். எல்லாவற்றையும் விட முக்கியமான ரகசியம்: கிட்டே நின்று எடுக்காதே. தூரமாகப் போ, போய் ஜூமை இழு. தூரம் போகப்போக, இழுக்க இழுக்க, பின்னால் இருப்பதெல்லாம் நெய் மாதிரி உருகிவிடும். இந்த ஒரு வித்தையைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் வீட்டு வாசலில் நின்று எதிர் வீட்டு சிலிண்டரையெல்லாம் உருக்கினேன்.

லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத் துணி கட்டினால் முகம் பூப்போல வரும் என்று யாரோ சொன்னார்கள். உன் அம்மா பீரோவைத் திறந்து அவள் கல்யாண நெட்டை எடுத்துக் கொடுத்தாள், தலையில் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குள் வந்தாளே, அதே நெட். "ஓரத்துல வெட்டிக்கோங்க, நடுவுல வேணாம்" என்றாள். நான் வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனியில் வெல்டர் பாஸ்கரிடம் கேமராவை வைத்து உருட்ட ஒரு தள்ளுவண்டியும் தண்டவாளமும் செய்யச் சொன்னேன். பழைய நாற்காலிச் சக்கரம், கழிவில் கிடந்த பைப்பு. பாஸ்கர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், படம் எடுக்கப் போறியா, இல்ல தாம்பரத்துக்கு இன்னொரு ரயிலு வுடப் போறியா?" என்றான். அந்த வண்டி ஓடினால் செங்கல்பட்டு வரை சத்தம் கேட்கும். கடைசியாக, அந்தக் கேமராவிலேயே 'சினிமா' என்று ஒரு பட்டன் இருந்ததைக் கண்டுபிடித்தேன். அதை அமுக்கினால் படத்துக்கு மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விழுந்து, தியேட்டரில் பார்க்கிற மாதிரி அகலமாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிட்டது.

இதெல்லாம் ஒவ்வொன்றும் சரி, மகனே. இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதுதான் இதில் இருக்கிற கொடுமை.

நீ காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உன் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் உயிர் நிற்கலாம், குரல் நிற்காது. உனக்குப் பரீட்சை முடிகிற வரை சொல்லக்கூடாது என்று அவள்தான் உத்தரவு போட்டாள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் கேமராவை எடுங்க. பையனுக்கு நாலு வார்த்தை பேசி வெச்சிடறேன். அப்புறம் பேச முடியாது இல்ல" என்றாள். ஹாலிலேயே, அந்த மர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள். நான் அப்போதே, அங்கேயே, கையை நீட்டி அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் போதும். அவளுக்குப் பின்னால் பக்கெட்டு இருந்தது.

"இங்கயா? சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவோம். லைட்டு நல்லா இருக்கும்" என்றேன்.

அஸ்தினாபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கரை உனக்குத் தெரியும். பாஸ்கர் தள்ளுவண்டியையும் தண்டவாளத்தையும் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டான். உன் அம்மா ஈஸ்டருக்கு எடுத்த நீலப் புடவை கட்டிக்கொண்டு கரையின் அந்தக் கோடியில் போய் நின்றாள். நான் இந்தக் கோடியில், தள்ளுவண்டி மேல். நடுவில் காற்று. லென்சில் நெட்டைக் கட்டினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், பட்டையை விழவைத்தேன். சூரியன் நின்றது, விமானம் திரும்பியது, ஆடு தலைகுனிந்தது என்று சொன்னேனே, எல்லாம் அப்போதுதான். அந்தக் குட்டித் திரையில் அவளைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பின்னால் அபார்ட்மெண்டும் இல்லை, தண்ணி லாரியும் இல்லை, எல்லாம் பொன்னாக உருகிக் கிடந்தது. அவள் மட்டும் இருந்தாள். பெரிய திரைகளில் வருகிற அத்தனை ராணிகளும் வந்து அவளுக்குப் பை தூக்கியிருக்க வேண்டும். நான் கையை உயர்த்தினேன். அவள் பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள் என்பதை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆபிரகாம் வம்சத்துக்குக் கிடைத்ததைப் போல ஏழு தலைமுறைக்கு உன்னை ஆசீர்வதித்தாள். நீ எந்த வேலைக்குப் போவாய், எந்த ஊரில் வீடு கட்டுவாய், முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாமல் ஊரே விசாரிக்கும், கடைசியில் நல்ல பெண்ணாகவே வருவாள் என்பதையெல்லாம் அப்போதே சொன்னாள். அப்பாவை நம்பாதே என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொள் என்றாள். திருநீர்மலையில் எதிரொலி கேட்டு ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். இந்த மாதிரி எத்தனை வேண்டுமானாலும் என்னால் சொல்ல முடியும். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றுகூட அவள் பேசின மாதிரி இல்லை.

எனக்குக் கேட்கவில்லை, மகனே. அந்த மணியையே தோற்கடித்த குரல் அப்போதே பாதி கம்மியிருந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பிருந்தே கம்மியிருந்தது. காற்று வேறு என் பக்கமிருந்து அவள் பக்கம் அடித்தது. எனக்குக் கேட்காவிட்டால் என்ன, டேப்பில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற புத்தி இது. சத்தத்தை யார் மதிப்பது? கடைசியில் ஒரு பாட்டுப் போட்டு மூடிவிடுவோம். கேமராவின் மைக் கேமராவிலேயேதான் இருக்கிறது, அது என்னோடு இருக்கிறது, அவளோடு இல்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் குட்டித் திரையில் சத்தம் வைக்காமல் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் துணி அடுக்கிக்கொண்டே பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என் வாயே தெரியலையேங்க" என்றாள். முக்கால்வாசிப் படத்தில் கண்ணும் நெற்றியும் மட்டும் வருகிற மாதிரி நெருக்கமாக வைத்திருந்தேன். கீழ்ப் பட்டை சரியாக அவள் மேலுதட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. "அதான் சினிமா" என்றேன். அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் பண்ணினாளே, நாளைக்கு என்ன பேப்பர், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாளே, அது இதற்கு அப்புறம்தான். நீ அவசரமாக வைத்துவிட்டாய் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாய். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்படித்தான் வைக்கும். அவள் உன்னிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சத்தத்தோடு டேப்பைப் போட்டேன். காற்று. அப்புறம் நான். "மோவாய கொஞ்சம் தூக்கு... சூப்பர்... அப்படியே, அப்படியே." அப்புறம் மறுபடியும் காற்று. நான் மெதுவாக அவளிடம் போய், ஏரிக்கரையில் பையனுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த சிலேட்டை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், 'ஒரு தடவைதான் சொல்வேன்' என்று எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு மனசு இளகும்போது இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

இந்த வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் பழைய டேப்பையெல்லாம் மாற்றித் தருகிற கடைக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, குறைத்து, வடிகட்டி, என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில், "சார், உங்க குரல் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். இப்போதெல்லாம் ஏ.ஐ. வந்துவிட்டது, ஒரு வரி இருந்தால் போதும், அதே குரலில் பேசவைத்துவிடலாம் என்றார். அந்த ஒரு வரிதான் இல்லை. மற்ற டேப்பில் எல்லாம் பேச்சுக்கு மேல் கீர்த்தனைப் பாட்டை ஏற்றி, மூலத்தை அழித்து, அதிலேயே அடுத்த விசேஷத்தை எடுத்திருக்கிறேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைச் சொல்லத் தெரிந்த ஒரு டீச்சரிடம் காட்டினேன். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் வாய் தெரிகிறது, ஆனால் நெட்டும் ஷட்டரும் சேர்ந்து உதட்டைப் பஞ்சு மாதிரி ஆக்கியிருக்கின்றன என்று கையை விரித்துவிட்டார். திரும்ப அந்தக் கடைக்கே போய், அந்தக் கருப்புப் பட்டையையாவது எடுத்துவிடுங்கள், கீழே அவள் வாய் இருக்கும் என்று கேட்டேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார்.

"சார், பட்டைக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. அது மூடி வெச்சது இல்ல. எடுக்கவே இல்ல."

வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்காமல் ரொம்ப நேரம் நின்றேன். பஸ்காரன் ஒவ்வொருத்தனும் நின்று நின்று கேட்டுவிட்டுப் போனான்.

ஆகவே, மகனே, ரிசப்ஷனுக்கு அம்மா குரல் கிடையாது. இன்றைக்கும் கிடையாது, என்றைக்கும் கிடையாது. நான் தேடிப்பார்த்துவிட்டேன் என்று சொல்வதற்காகத் தேடவில்லை, நிஜமாகவே தேடினேன். உன் கேமராவில் பின்னணியைத் தானாகவே உருக்குகிற வசதி இருக்கிறதாம், ஒரு முழம் தள்ளி நின்றாலே போதுமாம். கேட்டபோது எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எடு, நன்றாக எடு. ஆனால் யாராவது பேசுகிறேன் என்று உட்கார்ந்தால், பின்னால் பக்கெட்டு இருந்தால் இருக்கட்டும்.

அந்தப் படத்தைப் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். பெரிய திரையில் போடுகிறாயோ, போடாமலே வைத்துக்கொள்கிறாயோ, உன் இஷ்டம். போட்டால் பாட்டுச் சேர்க்காதே. யாராவது அம்மா என்ன பேசறாங்க என்று கேட்டால், மேலே நான் எழுதியிருக்கும் பொய்களில் பிடித்ததை எடுத்துச் சொல்லிக்கொள். சூரியன் நிற்கவில்லை. விமானம் நேராகத்தான் வந்து இறங்கியது. அதன் இரைச்சலும் டேப்பில் இருக்கிறது. ஆடுகளே இல்லை. ஏழு தலைமுறை ஆசீர்வாதம் நான் கட்டியது.

காட்சியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். பேச்சின் நடுவில் அவளுடைய வலது கை கன்னத்துக்குப் பக்கத்தில் எழும்பி வருகிறது பார். அது பட்டைக்கு மேலே இருக்கிறது, தெளிவாக விழுந்திருக்கிறது. விரல்களை மடக்கி மடக்கி என்னைக் கிட்டே வரச் சொல்கிறாள். நான் அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டு, 'சூப்பர்' என்று கத்திவிட்டு, காலால் தரையை உந்தி வண்டியைப் பின்னால் தள்ளினேன். மிச்சமிருந்த ஜூமையும் இழுத்தேன். அவள் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அப்பா